மார்ட்லேக் வீட்டு நூலகம்: சோதிடர் ஜான் டீ பற்றிய கேள்வி பதில்

எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த கணித அறிஞர், சோதிடர் ஜான் டீ. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் இருந்த மார்ட்லேக் என்ற ஊரில் அவர் சேர்த்து வைத்த நூலகம் அன்றைய இங்கிலாந்திலேயே பெரியது. அவரது வாழ்க்கை, கணிப்பு முறை, புத்தகங்கள் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்கள்.

கேள்வி: ஜான் டீ சோதிடரா, மந்திரவாதியா, விஞ்ஞானியா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: அவரிடமே கேட்டிருந்தால் "கணிதம் படித்தவன்" என்றுதான் சொல்லியிருப்பார். 1527 ஜூலை 13 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ரோலண்ட் டீ துணி வணிகர். எட்டாம் ஹென்றியின் அரண்மனையிலும் ஒரு பணியில் இருந்தவர். மகன் 1542-இல் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1548-இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன் நகருக்குப் போய் கணித அறிஞர் ஜெம்மா ஃப்ரீசியஸ், நிலப்பட அறிஞர் மெர்க்காட்டர் ஆகியோரிடம் பழகினார். 1550-இல் பாரிசில் கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். 1570-இல் யூக்ளிடின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது அதற்கு நீண்ட முன்னுரை எழுதியவரும் இவரே. வட கடல் வழிகளைத் தேடிப் போன மாலுமிகளுக்கு வழிகாண் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சோதிடம் அவருக்கு இவற்றிலிருந்து பிரிந்த துறை அல்ல. 1558-இல் வெளியிட்ட 120 சூத்திரங்களில், ஒவ்வொரு கிரகமும் ஒளிக்கதிர்போல் ஒரு விசையைப் பரப்புகிறது, அதன் வலிமை கிரகத்தின் பருமன், தூரம், கதிர் விழும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது என்கிறார். சாய்வாக விழும் வெயிலைவிட நேராக விழும் வெயில் சுடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பலன் சொல்லுமுன் தூரங்களை அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "மந்திரவாதி" என்ற பட்டம் 1580-களில் தேவதைகளோடு பேசுவதற்காக வேறொருவரை ஸ்படிகம் பார்க்க வைக்கத் தொடங்கிய பிறகு உறுதிப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: அவர் தன் கைப்பட எழுதிய ஜாதகக் கட்டத்தின் படத்தைப் பார்த்தேன். முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது. நம் கட்டத்தைப் படிப்பதுபோல் படிக்க முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. ஆனால் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

பெரிய சதுரம், நடுவில் சிறிய சதுரம், இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு முக்கோணங்கள். நடுச் சதுரத்தில் பிறந்த தேதி, நேரம், இடம் எழுதுவார்கள். இடப்பக்கத்து நடு முக்கோணம் எப்போதும் லக்னம், அதாவது முதல் பாவம் (வீடு). அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு போக வேண்டும். கீழ் நடு 4, வலப்பக்க நடு 7, மேல் நடு 10. நம் தென்னாட்டுக் கட்டத்தில் மேஷம், ரிஷபம் எல்லாம் ஓரிடத்தில் நிலையாக இருக்க, "ல" என்ற குறிதான் இடம் மாறும். அவர்களிடம் பாவம் நிலையானது. ராசிகள் சுழன்று வரும். வட இந்தியக் கட்டத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது எளிது.

தடுமாற வைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு பாவத்தின் கோட்டருகிலும் ஒரு ராசிக்குறியும் பாகையும் இருக்கும். அது பாவம் தொடங்கும் புள்ளி, கிரகம் அல்ல. லண்டன் 51½ பாகை வடக்கே இருப்பதால் பாவங்கள் சம அளவில் வருவதில்லை. ஒரே ராசியில் இரண்டு பாவங்கள் தொடங்கும், இன்னொரு ராசி ஒரு பாவத்துக்குள் முழுவதுமாக விழுங்கப்பட்டிருக்கும். எழுதியவர் ஒரு ராசியை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது, ராகு கேதுவை நாகத்தின் தலை, வால் என்று குறிப்பார்கள். அவை சந்திரன் பாதை வெட்டும் புள்ளிகள் மட்டுமே. நம்மிடம் உள்ளதுபோல் கிரகம் என்ற தகுதி கிடையாது. மூன்றாவது, கணிப்பு முழுக்கச் சாயன முறை. அதாவது ராசிகளை விண்மீன்களை வைத்து அல்ல, வசந்த காலச் சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணுவது; விண்மீன்களை வைத்து எண்ணும் நம் முறை நிராயணம்.

கேள்வி: முந்தைய பதிலின் தொடர்ச்சி. சாயனம் என்றால் டீயின் ஜாதகத்தை நிராயணத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்?

பதில்: 1527-இல் அயனாம்சம், அதாவது இரண்டு முறைகளுக்கும் உள்ள இடைவெளி, இன்று வழக்கிலுள்ள லாகிரி கணக்கில், ஏறத்தாழ 17¼ பாகை. டீ தன் பிறந்த நேரத்தை மாலை 4 மணி 2 நிமிடம் என்று எழுதுகிறார். அந்த நேரத்தில் சூரியன் சாயனத்தில் கடகத்தின் கடைசிப் பாகையில் இருந்தது. 17¼ கழித்தாலும் கடகத்தைத் தாண்டாது, நடுவுக்கு வரும். லக்னம் அப்படி இல்லை. சாயனத்தில் தனுசின் தொடக்கப் பாகைகள், நிராயணத்தில் விருச்சிகம். தனுசு லக்னத்துக்கு அதிபதி குரு, விருச்சிகத்துக்குச் செவ்வாய். எனவே டீ தன்னை எப்படிப் பார்த்தார் என்று அறிய வேண்டுமானால் மாற்றவே கூடாது. அவர் தன்னை தனுசு லக்னக்காரராகவே எண்ணி வாழ்ந்தார்.

கேள்வி: மென்பொருள் இல்லாமல் அன்று எப்படிக் கணித்தார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: கையில் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தினசரி நண்பகலுக்குக் கிரகநிலை போட்ட பஞ்சாங்கம். டீ பயன்படுத்தியவை ஸ்டேடியஸ், மாஜினி ஆகியோருடையவை. மாஜினியின் பஞ்சாங்கம் 1581 முதல் 1620 வரைக்கானது. இன்னொன்று, அந்தந்த அட்சரேகைக்கான பாவ அட்டவணை.

முதலில் பிறந்த நேரத்தை நண்பகலிலிருந்து எண்ண வேண்டும். வானியல் நாள் அன்று நண்பகலில் தொடங்கியது. மாலை 4.02 என்றால் 4 மணி 2 நிமிடம். காலை 10 என்றால் முந்தைய நாளின் 22 மணி. தேதியையே ஒன்று குறைத்து எழுதியிருப்பார்கள்; இது தெரியாமல் "டீ தேதியைத் தவறாக எழுதிவிட்டார்" என்று சொன்னவர்கள் உண்டு.

அடுத்து இடத் திருத்தம். மாஜினி வெனிசின் நண்பகலுக்குக் கணித்தார். வெனிஸ் லண்டனுக்குக் கிழக்கே 12 பாகைக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 50 நிமிடம் முன்னால். லண்டனில் மாலை 4 என்றால் அட்டவணையில் 4.50-க்குத் தேட வேண்டும். மறந்தால் சூரியனில் 2 கலைதான் (60 கலை ஒரு பாகை) பிசகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் சந்திரன் மணிக்கு அரைப் பாகை நகரும், ஆகவே 25 கலை தவறும். சந்திரன் ராசி எல்லையில் நின்றால் பலனே மாறிப்போகும்.

பிறகு இரண்டு நண்பகல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை எடுத்து, கழிந்த மணிக்கு விகிதம் பார்த்து ஒவ்வொரு கிரகத்துக்கும் சேர்க்க வேண்டும். வக்கிரத்தில் இருக்கும், அதாவது பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும் கிரகத்துக்குக் கழிக்க வேண்டும். அவசரத்தில் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான்.

கடைசியாக லக்னம். சூரியனின் இடத்தை நிரட்சப் பாகையாக (வான நடுக்கோட்டின் மேல் அளக்கும் பாகை) மாற்றி, நண்பகலிலிருந்து கழிந்த நேரத்தை மணிக்கு 15 பாகை வீதம் கூட்ட வேண்டும். டீக்கே போட்டுப் பாருங்கள்: சூரியனுக்கு ஏறத்தாழ 121½, 4 மணி 2 நிமிடத்துக்கு 60½, கூட்டினால் 182. பாவ அட்டவணையில் 182-க்கு எதிரே வான உச்சி, அதாவது 10-ஆம் பாவத்தின் தொடக்கம், துலாத்தின் தொடக்கம். 51½ பாகை அட்சரேகைப் பத்தியில் லக்னம் தனுசு 5 பாகை அருகில். முழுக் கணக்கும் பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

இவ்வளவு கணக்கும் பிறந்த நேரத்தை நம்பி நிற்கிறது. நான்கு நிமிடம் தவறினால் லக்னம் ஏறத்தாழ ஒரு பாகை நகரும். மாதா கோயில் மணியைக் கேட்டு நேரம் சொன்ன காலம் அது. டீ தன் வீட்டில் நொடியைப் பிரித்துக் காட்டும் கடிகாரம் ஒன்று வைத்திருந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல.

கேள்வி: 1559 ஜனவரி 15 முடிசூட்டு விழாவுக்கு நாள் குறித்தவர் டீ என்கிறார்கள். ஆவணத்தில் 1558 என்று இருக்கிறதே?

பதில்: இரண்டும் ஒரே நாள். இங்கிலாந்தில் அப்போது ஆண்டு எண் மாறுவது மார்ச் 25 அன்று. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதப்பட்ட எந்தத் தாளிலும் பழைய ஆண்டே இருக்கும். எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1558 நவம்பர் 17. ராணிக்கு நெருக்கமான ராபர்ட் டட்லி வழியாக டீயிடம் முகூர்த்தம் கேட்டார்கள். அவர் ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

1582-க்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்கிறது. கத்தோலிக்க நாடுகள் புதிய நாட்காட்டிக்கு மாறி 10 நாள் முன்னால் போய்விட்டன. டீ 1583 முதல் 1589 வரை போலந்து, பொகிமியா பகுதிகளில் இருந்தார். அங்கே எழுதிய குறிப்புகளில் "புதிய பாணி" என்று குறித்திருப்பார். அந்தக் குறி இருக்கும் தேதியை லண்டன் கடிதத் தேதியோடு ஒப்பிடும்போது 10 கழித்துப் பாருங்கள்.

இதில் வருந்த வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இங்கிலாந்தும் மாற வேண்டுமா என்று அரசு டீயிடம்தான் கேட்டது. கிறிஸ்து பிறப்பிலிருந்து கணக்கிட்டால் 11 நாள் விட வேண்டும், ஆனால் அண்டை நாடுகளோடு ஒத்துப்போக 10 போதும் என்று எழுதிக் கொடுத்தார். மே மாதத்தில் 3, ஜூனில் 1, ஜூலையில் 3, ஆகஸ்டில் 3 என்று பண்டிகைகள் குழம்பாதபடி பிரித்தும் காட்டினார். ஆயர்கள் தடுத்துவிட்டார்கள், திட்டம் நின்றது. 1752-இல்தான் இங்கிலாந்து மாறியது. அப்போது விட வேண்டியிருந்தது 11 நாள்.

கேள்வி: சோதிடம் பார்த்ததற்காக அவரைச் சிறையில் போட்டார்களாமே?

பதில்: 1555 மே மாதக் கடைசியில். மேரி ராணி, அவர் கணவர் ஃபிலிப், இளவரசி எலிசபெத் ஆகியோரின் ஜாதகத்தைக் கணித்தார் என்பது குற்றச்சாட்டு. அரசரின் ஆயுளைக் கணிப்பது ராஜத் துரோகத்துக்குச் சமம். ராணி இந்த மாதம் இறப்பார் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டவர்கள் அந்த மாதத்துக்குத் தயாராவார்கள் அல்லவா? அதுதான் அரசின் பயம். துரோகக் குற்றம் நிரூபணமாகவில்லை, மதக் கொள்கை பற்றிய விசாரணைக்காக லண்டன் ஆயர் பானரிடம் ஒப்படைத்தார்கள், அதிலிருந்தும் மீண்டார். எலிசபெத் காலத்திலும் 1581-இல் இதே விஷயத்துக்குத் தனிச் சட்டமே வந்தது.

கேள்வி: நூலகத்தில் 4,000 புத்தகம் இருந்தது என்பது மிகையா?

பதில்: அந்த எண் டீயின் வாக்குமூலம். 1592-இல் தன் இழப்புகளை அரசிடம் முறையிட்டபோது, ஏறத்தாழ 4,000 நூல்கள், அவற்றில் கால் பங்கு கையெழுத்துச் சுவடிகள், மதிப்பு 2,000 பவுண்டு என்கிறார். 1583 செப்டம்பர் 6-இல் அவரே எழுதி முடித்த பட்டியல் நம்மிடம் இருக்கிறது. அதை எண்ணினால் 2,000-க்கு மேற்பட்ட அச்சு நூல்களும் நூற்றுக்கணக்கான சுவடிகளும் வரும். இரண்டுக்கும் இடைவெளி ஏன் என்றால், அன்று ஒரே பைண்டிங்கில் நான்கைந்து நூல்களைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். கட்டை எண்ணுவதா, உள்ளே இருக்கும் நூலை எண்ணுவதா என்பதைப் பொறுத்து எண் மாறும். முறையீட்டில் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொது நூலகத்தில் சில நூறு நூல்களே இருந்த காலம் அது.

கேள்வி: பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது? பொருள்வாரியா, அகரவரிசையா?

பதில்: இரண்டும் இல்லை. பெரும்பகுதி அளவுவாரி. இன்று நாம் டெம்மி, கிரவுன் என்கிறோமே, அதுபோல் தாளை ஒருமுறை மடித்த பெரிய நூல், இருமுறை மடித்தது, மூன்று முறை மடித்தது என்று பிரித்து, அதற்குள் கட்டியவை, கட்டாதவை என்று எழுதுகிறார். அலமாரியில் அப்படித்தான் நின்றிருக்கும். பாராசெல்சஸ் மருத்துவம், எபிரேயம் போன்ற சில மட்டும் தனித் தொகுப்புகள். சுவடிகளுக்குத் தனிப் பகுதி.

இதனால் "டீயிடம் சோதிட நூல் எத்தனை" என்று எண்ணுவது சிரமம். யூக்ளிட், டாலமி, கோப்பர்னிக்கஸ், அரபு சோதிடர்களின் லத்தீன் மொழிபெயர்ப்புகள், ரோஜர் பேக்கனின் சுவடிகள், கப்பல் வழி, சுரங்கம், வெள்ளப்பெருக்கு, திருமணச் சட்டம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தன் தொழிலுக்கு எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாத மனிதரின் அலமாரி அது. என் கருத்தில், ஜான் டீயைப் புரிந்துகொள்ள அவர் எழுதிய எந்த நூலையும்விட இந்தப் பட்டியல் உதவும்.

நூலகத்தோடு கருவிகளும் இருந்தன. ரிச்சர்ட் சான்சலர் செய்த 5 அடி ஆரமுள்ள கால்வட்டக் கருவி, 10 அடி நீளக் கோல், மெர்க்காட்டர் செய்த இரண்டு உருண்டைகள், காந்த ஊசிகள். படித்ததை அடுத்த அறையில் அளந்து பார்க்கலாம். இங்கிலாந்தில் வேறெங்கும் அந்த வசதி இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ஒரு பழைய நூலின் ஓரத்தில் உள்ள கையெழுத்து டீயினுடையது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: ஒரே அடையாளத்தை நம்பக்கூடாது. முகப்புப் பக்கத்தில் "யோவான்னெஸ் டீ" என்று லத்தீனில் பெயர், பல நூல்களில் வாங்கிய ஆண்டு, சிலவற்றில் ஊர்ப்பெயர் இருக்கும். சுவடிகளில் ஏணி போன்ற ஒரு சிறு குறி போடுவார். ஓரத்தில் விரல் நீட்டிய கை, பூ, மனித முகம், வரிகளை அணைத்துக்கொள்ளும் வளைவு அடைப்பு இவை அடிக்கடி வரும். சிசரோ தொகுதி ஒன்றில் கப்பல் பற்றிய வரிகளுக்கு எதிரே பாய் விரித்த கப்பலையே வரைந்திருக்கிறார். விரல் நீட்டிய கை அன்று படித்தவர் எல்லாரும் போட்டதுதான், அதை மட்டும் வைத்து டீ என்று முடிவு செய்ய முடியாது. பெயர், எழுத்தின் அமைப்பு, 1583 பட்டியலில் அதே பதிப்பு இருப்பது ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

பெயரை யாரோ அழித்திருந்தால் வேலை கூடும். அந்தக் காலத்து மை மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்த்துக் காய்ச்சியது. இரும்புச் சத்து தாளுக்குள் ஊறிவிடும். மேலே தெரியும் கருமையைக் கழுவினாலும் சுரண்டினாலும் உள்ளே ஊறியது போகாது. புற ஊதா ஒளியில் தாள் மங்கலாக ஒளிர, மை பட்ட இடம் கருத்துத் தெரியும்.

கேள்வி: அவர் நாட்குறிப்பு எழுதினாராமே, அதுவும் பஞ்சாங்கத்தில்?

பதில்: ஆம், தனி நோட்டுப் புத்தகம் இல்லை. முன்னே சொன்ன ஸ்டேடியஸ், மாஜினி பஞ்சாங்கங்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி உண்டு. அதன் ஓரத்தில் அன்று நடந்ததை எழுதினார். காற்று, மழை, வேலைக்காரர் சம்பளம், கடன், வந்துபோனவர்கள், சோதிடம் கேட்டவர்களின் பிறந்த தேதி, தன் குழந்தைகள் பிறந்த மணி. மூத்த மகன் ஆர்தர் 1579 ஜூலை 13 பிறந்தான்; தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பிறந்த நாள். மனைவி ஜேனின் உடல்நிலை பற்றிய குறிப்புகளைக் குறியீட்டிலும், மறைக்க வேண்டிய ஆங்கிலச் சொற்களைக் கிரேக்க எழுத்திலும் எழுதுவார். நிகழ்ச்சியையும் அன்றைய கிரகநிலையையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. இரண்டு பஞ்சாங்கங்களும் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

அச்சிட்ட பதிப்பில் ஓரக்குறிப்புகளை மட்டும் எடுத்துப் போடுவதால் இந்த உறவு அறுந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துபவர்கள் மூலப் பக்கத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மந்திரவாதி என்று சொல்லி ஊர்க்கும்பல் நூலகத்தைக் கொளுத்திவிட்டது என்று பல இடங்களில் படித்தேன்.

பதில்: நெருப்புக்கும் கும்பலுக்கும் அக்காலச் சான்று இல்லை. நடந்தது அதைவிட வேதனையானது: தெரிந்தவர்கள் எடுத்துப் போனார்கள்.

1583 செப்டம்பர் 21 அன்று டீ குடும்பத்தோடும், தனக்கு ஸ்படிகம் பார்த்துச் சொன்ன எட்வர்ட் கெல்லியோடும் போலந்துப் பிரபு லாஸ்கியுடன் கிளம்பினார். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் பட்டியலை முடித்தார். வீட்டை மைத்துனர் நிக்கலஸ் ஃப்ரோமண்டிடம் ஒப்படைத்தார். ஆறு ஆண்டு கழித்து 1589 டிசம்பரில் திரும்பியபோது புத்தகங்களும் கருவிகளும் பறிபோயிருந்தன. எடுத்தவர்களில் ஒருவர் ஜான் டேவிஸ், வடமேற்குக் கடல்வழி தேடிய மாலுமி, டீயிடம் பாடம் கேட்டவர். இன்னொருவர் நிக்கலஸ் சாண்டர். டீயின் பெயரைக் கழுவியும் சுரண்டியும் அதன் மேலேயே தன் பெயரை எழுதினார். முந்தைய பதிலில் மையைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான்.

சாண்டரிடம் போன நூல்கள் பின்னால் டார்செஸ்டர் பிரபுவிடம் சேர்ந்து, அவர் இறந்த பிறகு லண்டனின் அரச மருத்துவர் கல்லூரிக்கு வந்தன. இன்று நூற்றுக்கு மேல் அங்கே இருக்கின்றன. டீயின் நூல்கள் ஓரிடத்தில் இவ்வளவு தொகையாகத் தப்பியது அங்கேதான்.

எஞ்சியதை டீயே கரைக்க வேண்டி வந்தது. 1596 முதல் மான்செஸ்டர் கல்லூரித் தலைவராக இருந்தார். அங்கும் வருமானம் போதவில்லை. கடைசிக் காலத்தில் மார்ட்லேக் திரும்பி, சாப்பாட்டுக்காகப் புத்தகங்களை ஒவ்வொன்றாக விற்றார். 1608 டிசம்பரிலோ 1609 மார்ச்சிலோ மரணம்.

கேள்வி: தேசிய நூலகம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் அவர்தான் என்பது உண்மையா?

பதில்: 1556 ஜனவரி 15 அன்று மேரி ராணியிடம் மனு கொடுத்தார். 1530-களின் இறுதியில் மடங்களை மூடியபோது சுவடிகள் மளிகைப் பொட்டலமாகவும் பைண்டிங் அட்டைக்குள் ஒட்டுத்தாளாகவும் போய்க்கொண்டிருந்தன. மிஞ்சியதைத் திரட்ட அதிகாரம் கொண்ட குழு வேண்டும். தனியாரிடம் உள்ளதை வாங்கிப் படியெடுத்து மூலத்தைத் திருப்பித் தர வேண்டும். வத்திக்கான், வெனிசின் சான் மார்க்கோ, ஃபிளாரன்ஸ், போலோனியா, வியன்னா நூலகங்களில் உள்ள அரிய சுவடிகளுக்கும் படி எடுத்து வரலாம் என்று எழுதினார். அரசு அசையவில்லை. அதன் பிறகு தன் கைக்காசில் செய்யத் தொடங்கியதுதான் மார்ட்லேக் நூலகம். எப்படிச் சேர்த்தார் என்பதற்கு ஓர் உதாரணம்: 1563-இல் ஆண்ட்வெர்ப்பில் ஜெர்மன் மடாதிபதி டிரிதேமியஸின் மறைமொழி பற்றிய சுவடி ஒன்று கண்ணில் பட்டது. விற்பனைக்கு இல்லை. பத்து நாள் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டார்.

கேள்வி: பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் கருப்புக் கண்ணாடியைத்தான் 1575-இல் ராணிக்குக் காட்டினாரா?

பதில்: இல்லை, இரண்டும் வேறு. 1575 மார்ச் 10 அன்று ராணி நூலகம் பார்க்க வந்தார். டீயின் அப்போதைய மனைவியை (ஜேனுக்கு முந்தையவர்) நான்கு மணி நேரம் முன்புதான் அடக்கம் செய்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு உள்ளே வராமல், அந்தக் கண்ணாடியை வெளியே கொண்டுவரச் சொன்னார். அது வில்லியம் பிக்கரிங் கொடுத்த குழி ஆடி. எதிரே வாளை நீட்டினால் பிம்பம் காற்றில் எழுந்து நம்மை நோக்கி வரும். ஒளியியல்தான், டீயும் அதை அப்படியே விளக்கியிருக்கிறார்.

மியூசியத்தில் உள்ளது எரிமலைக் கண்ணாடிக் கல்லில் தேய்த்தது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடையது. கல் பச்சூகா பகுதியைச் சேர்ந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை டீயோடு இணைப்பது பிற்காலத்தில் அதை வைத்திருந்த ஹொரஸ் வால்போலின் குறிப்பு. ஸ்படிகம் பார்த்த குறிப்புகளில் டீ பெரும்பாலும் பேசுவது கல், உருண்டை பற்றியே.

கேள்வி: ராணிக்கு எழுதிய கடிதங்களில் "007" என்று கையெழுத்திட்டாராமே?

பதில்: அப்படி ஒரு கடிதம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் கிளம்பிய கதை. நாட்குறிப்பில் தன்னைக் குறிக்க அவர் போட்டது கிரேக்க எழுத்தான டெல்டா, முக்கோணம்.

கேள்வி: தேவதைகளோடு பேசிய குறிப்புகள் எப்படித் தப்பின?

பதில்: அமர்வுகளில் கெல்லி கல்லைப் பார்த்துச் சொல்வார், டீ எழுதுவார். டீ தானாக எதையும் கண்டதாகச் சொல்வது மிக அரிது. இதை மறந்துவிட்டு "டீ கண்ட காட்சிகள்" என்று எழுதுவது தவறு. மேசை இரண்டு முழ உயரம். அதன் மேல் 9 அங்குல விட்டமுள்ள மெழுகு முத்திரை, அதற்கு மேல் கல்.

குறிப்புகள் இரண்டு வழியாக வந்தன. ஒரு பகுதி ராபர்ட் காட்டன் சேகரித்தது. அதை 1659-இல் மெரிக் கசாபன் அச்சிட்டார், 1583 மே 28-இல் தொடங்கும். அதற்கு முந்தைய பகுதி ஒரு மரப்பெட்டியின் ரகசிய அறையில் கிடந்தது. 1662 வாக்கில் லண்டன் மிட்டாய்க்காரர் ஜோன்ஸ் வீட்டில் பெட்டியை நகர்த்தும்போது ஏதோ குலுங்க, திறந்து பார்த்தார்கள். அவை என்னவென்று தெரியாத வேலைக்காரப் பெண் பாதித் தாள்களைப் பணியாரத் தட்டுக்கு அடியில் விரித்துவிட்டாள். மிஞ்சியவை 1666 பெருந்தீயில் தப்பி, ஜோன்ஸின் விதவையை மணந்த தாமஸ் வேல் வழியாக 1672-இல் பழஞ்சுவடி சேகரிப்பாளர் எலியாஸ் ஆஷ்மோலிடம் போயின. அந்தப் பகுதி 1583 மே 23-இல் முடிகிறது. இரண்டு வழியாக வந்த தாள்களும் ஐந்து நாள் இடைவெளியில் ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி: லண்டன் போகிறேன். எதை எங்கே பார்ப்பது?

பதில்: பிரிட்டிஷ் மியூசியத்தில் மெழுகு முத்திரைகள், தங்கத் தகடு, ஸ்படிக உருண்டை, கருப்புக் கண்ணாடி. ஸ்படிகக் குறிப்புகளின் மூலம் பிரிட்டிஷ் நூலகத்தில். ரீஜன்ட்ஸ் பார்க் அருகே அரச மருத்துவர் கல்லூரியில் புத்தகங்கள். எல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது குவின்டிலியன் நூலைக் குறிப்பிடுங்கள், டீயின் பெயர்மீது சாண்டர் எழுதியது அதில் கண்ணுக்கே தெரியும். 1583 பட்டியலின் ஒரு படி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில். மார்ட்லேக்கில் வீடு இப்போது இல்லை. புனித மரியாள் தேவாலயத்துக்கு எதிரே, ஆற்றங்கரைப் பக்கமாக இருந்தது.